சம்பளத்தில் வரி பிடிக்கப்படாதவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்

கேள்வி இது: டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இரண்டு தென்னிந்திய உணவகங்கள் நடத்துகிறீர்கள். அடுப்படி, பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல் எல்லாம் சேர்த்து 22 பேர். முக்கால்வாசிப் பேருக்கு ஆண்டுச் சம்பளம் 20,000 முதல் 35,000 டாலருக்குள். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு கொடுக்கும் டாக்ஸ் கிரெடிட் பற்றி முதலாளி சொல்லியே ஆக வேண்டுமா, சொல்வதென்றால் எப்படி, தப்பாக ஏதாவது சொல்லி மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டா என்று கேட்கிறீர்கள்.

சொல்லியே ஆக வேண்டும். ஃபெடரல் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். விதி ஒன்று இருக்கிறது, டெக்சாஸ் மாநிலச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரு மணி நேர வேலையில் நிறைவேற்றிவிடலாம். ஆனால் சட்டத்துக்காக ஒரு தாளைக் கொடுப்பது வேறு, அந்தப் பணம் உண்மையிலேயே உங்கள் ஆட்கள் கைக்குப் போய்ச் சேர்வது வேறு. நடுவில் எங்கே அறுந்துபோகிறது என்று தெரிந்துகொண்டால்தான் சரியாகச் சொல்ல முடியும். ஆகவே முதலில் அதைப் பார்ப்போம்.

இதில் பெரியது ஈ.ஐ.டி.சி. எனப்படும் உழைப்பு வருமானக் கிரெடிட். 1975 முதல் இருக்கிறது. ஐ.ஆர்.எஸ். படிவங்களில் இதையே ஈ.ஐ.சி. என்றும் அச்சிட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். கட்ட வேண்டிய வரியைக் குறைப்பதோடு இது நிற்பதில்லை. வரியே இல்லாதவருக்கும் முழுத் தொகையைக் கையில் கொடுக்கும். 2025 வருமானத்துக்கு அதிகபட்சம் இவ்வளவு: குழந்தை இல்லாதவருக்கு 649 டாலர், ஒரு குழந்தைக்கு 4,328, இரண்டுக்கு 7,152, மூன்று அல்லது அதற்கு மேல் 8,046. வருமான உச்சவரம்பு, தனியாகத் தாக்கல் செய்பவருக்கு, அதே வரிசையில் 19,104, 50,434, 57,310, 61,555 டாலர். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 26,214, 57,554, 64,430, 68,675. இந்த எண்கள் ஆண்டுதோறும் மாறும். போன ஆண்டு அச்சடித்த நோட்டீசையே இந்த ஆண்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இப்போது ஒரு டபிள்யூ-2 படிவத்தை, அதாவது ஆண்டுச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டி முதலாளி தரும் படிவத்தை, கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் இல்லாமல் ஆறு வயதும் ஒன்பது வயதுமாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண், உங்கள் அடுப்படியில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் சம்பளம் 22,000. இரண்டாம் பெட்டியில், ஃபெடரல் வருமான வரி பிடித்த இடத்தில், 0. வேலைக்குச் சேரும்போது, எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தின் மூன்றாம் படியில் இரண்டு பிள்ளைகளைக் காட்டியிருப்பார். அதனால் பேரோல் மென்பொருள் ஒரு காசு வரி பிடித்திருக்காது. அது சரிதான், தவறு ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து, "வரியே பிடிக்கல, அப்புறம் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?" என்று நினைப்பார். சட்டப்படி அவர் நினைப்பது சரியும்கூட. குடும்பத் தலைவராகத் தாக்கல் செய்பவருக்கு 2025இல் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அதாவது வரி போடாமல் கழித்துவிடும் தொகை, 23,625 டாலர். அவர் சம்பளம் அதற்குக் கீழே. ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் போட்டால் என்ன வரும்? இரண்டு பிள்ளைகள் உள்ளவருக்கு 17,880 டாலரிலிருந்து 23,350 டாலர் வரை சம்பளம் இருந்தால் ஈ.ஐ.டி.சி. முழுத் தொகை: 7,152. அதோடு குழந்தைகளுக்கான சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டில் கையில் திரும்பக் கிடைக்கும் பகுதி, 2,500 டாலருக்கு மேற்பட்ட உழைப்பு வருமானத்தில் 15 சதவீதம். 19,500இல் 15 சதவீதம் 2,925. இரண்டும் சேர்த்து 10,077 டாலர். அவருடைய ஐந்தரை மாதச் சம்பளம். ரிட்டர்ன் போடாவிட்டால் ஒரு டாலரும் இல்லை. யாரும் தேடி வந்து கொடுக்கவும் மாட்டார்கள்.

தகுதி உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஈ.ஐ.டி.சி. கேட்பதே இல்லை என்று ஐ.ஆர்.எஸ்.ஸே ஆண்டுதோறும் சொல்கிறது. அவர்களில் பலர் இப்படி ரிட்டர்ன் போடும் கட்டாயம் இல்லாதவர்கள். அதனால்தான் ஃபெடரல் விதியும் இவர்களையே குறிவைக்கிறது: அந்த ஆண்டில் உங்களிடம் ஒரு நாளாவது வேலை பார்த்து, ஃபெடரல் வருமான வரி பிடிக்கப்படாத ஒவ்வொருவருக்கும் நீங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டபிள்யூ-4இல் வரிப் பிடித்தத்திலிருந்து முழு விலக்கு கேட்டவர்களுக்கு மட்டும் கட்டாயம் இல்லை. அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். 22 பேரில் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம் என்று பொறுக்குவதைவிட எல்லாருக்கும் கொடுப்பது சுலபம், யார் மனமும் புண்படாது.

எழுத்தில் தெரிவிக்க நான்கு வழிகளை ஐ.ஆர்.எஸ். ஏற்கிறது. அதிகாரப்பூர்வ டபிள்யூ-2 படிவத்தின் பி நகல் ஒன்று; அதன் பின்பக்கத்திலேயே ஈ.ஐ.சி. பற்றிய வாசகம் இருக்கும். அதே வாசகம் பின்பக்கத்தில் உள்ள மாற்று டபிள்யூ-2 இரண்டாவது. நோட்டீஸ் 797 என்ற தாள் மூன்றாவது. நோட்டீஸ் 797இல் உள்ள வாசகத்தை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல், உங்கள் கடிதத் தாளில் எழுதிக் கொடுப்பது நான்காவது.

படிக்கும்போது டபிள்யூ-2 கொடுத்தாலே கடமை முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் பேரோல் மென்பொருளிலிருந்து நீங்களே அச்சடிக்கும் டபிள்யூ-2 பெரும்பாலும் வெள்ளைத் தாளில், ஒரு பக்கத்தில் நான்கு நகலாக வரும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் ஈ.ஐ.சி. வாசகம் உங்கள் ஆளுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். டபிள்யூ-2ஐ ஆன்லைனில் தரும் பேரோல் கம்பெனி என்றால் அந்த பி.டி.எஃப்.இல் இரண்டாம் பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். அது இருந்தாலும், பாஸ்வேர்டு மறந்து ஒருமுறைகூட உள்ளே போகாத ஆளுக்கு அதனால் பயன் இல்லை. சந்தேகமே வேண்டாம்: நோட்டீஸ் 797ஐ ஐ.ஆர்.எஸ். தளத்திலிருந்து இறக்கி, 22 பிரதி எடுத்து, டபிள்யூ-2 கொடுக்கும் அன்றே கூடவே கையில் கொடுங்கள்.

அதே தளத்தில் நோட்டீஸ் 1015 என்று ஒன்றும் கிடைக்கும். அது முதலாளிகளுக்கான தாள்: யாருக்கு, எப்போது, எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்வது. தவறுதலாக அதைப் பிரதி எடுத்து ஊழியர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதை நீங்கள் படியுங்கள். ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியது 797.

கெடு தேதிகள் இவை. டபிள்யூ-2 கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி 31. 2026இல் அது சனிக்கிழமை என்பதால் பிப்ரவரி 2. ஈ.ஐ.சி. வாசகம் இல்லாத மாற்று டபிள்யூ-2ஐ நேரத்துக்குள் கொடுத்திருந்தால், கொடுத்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் நோட்டீஸ் போக வேண்டும். டபிள்யூ-2 கொடுக்கத் தாமதமாகிறது என்றால், அது கொடுக்க வேண்டியிருந்த கடைசி நாளுக்குள் நோட்டீசையாவது கொடுத்துவிட வேண்டும். டபிள்யூ-2 தேவைப்படாத ஆள் என்றால் பிப்ரவரி 7. நேரில் கையில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு முதல் வகுப்புத் தபாலில் அனுப்ப வேண்டும். டைம் கிளாக் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒட்டுவது நல்லதுதான், ஆனால் அது தனியாகக் கடமையை நிறைவேற்றாது.

டெக்சாஸ் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. மாநிலத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 104ஆம் அத்தியாயத்தின்படி ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1க்குள் ஊழியர்களுக்கு ஈ.ஐ.டி.சி.யின் பொதுவான தகுதி விவரங்களைத் தர வேண்டும். வரி பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பிரிவு இங்கே இல்லை. நேரில், மின்னஞ்சலில், சம்பளச் சீட்டோடு சேர்த்து, அல்லது தபாலில் தரலாம். இங்கும் சுவரில் ஒட்டுவது மட்டும் போதாது. டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லாததால் மாநில ஈ.ஐ.டி.சி.யும் இல்லை. ஃபெடரல் மட்டும்தான்.

வேறு மாநிலத்தில் கிளை திறந்தால் இது மாறும். நியூஜெர்ஸி, ஃபெடரல் தொகையில் 40 சதவீதத்தைத் தன் பங்காகச் சேர்த்துக் கொடுக்கிறது. 18 வயதிலிருந்தே தருகிறது. கலிஃபோர்னியாவில் டபிள்யூ-2 கொடுக்கும் நாளோடு, அல்லது அதற்கு ஒரு வாரம் முன்பின்னாக, மாநிலக் கிரெடிட்டைப் பற்றியும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டும். இப்படிச் சட்டம் உள்ள மாநிலங்களில் தனி வாசகம் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சட்டத்தைத் தாண்டிய வேலை. நோட்டீஸ் 797 அரசு ஆங்கிலத்தில் எழுதிய தாள். காலை பத்து மணிக்குச் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பவரிடம் அதைக் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆகவே அதோடு ஒரு சின்னத் தாள், அவரவர் மொழியில், நீங்கள் எழுதி இணைக்க வேண்டும். டெக்சாஸ் சமையலறை என்றால் தமிழோடு ஸ்பானிஷும் வேண்டும், ஈ.ஐ.டி.சி. பற்றிய ஐ.ஆர்.எஸ். பக்கங்கள் ஸ்பானிஷிலும் இருப்பதால் சொற்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதும் தாள் 797க்கு மாற்று ஆகாது. அதன் மேல் வைக்கும் தாள், அவ்வளவே. இப்படி எழுதலாம்:

"2025இல் நீங்கள் வாங்கிய சம்பளத்துக்கு அரசிடமிருந்து உங்களுக்குப் பணம் வர வாய்ப்பு இருக்கிறது. சில குடும்பங்களுக்கு இது பல ஆயிரம் டாலர். சம்பளத்தில் வரி பிடிக்காமல் இருந்தாலும், ரிட்டர்ன் போட்டால்தான் இந்தப் பணம் வரும். உங்களுக்குக் கிடைக்குமா என்று நாங்கள் முடிவு செய்ய முடியாது. இலவசமாகப் பார்த்துச் சொல்லி, ரிட்டர்னும் போட்டுக் கொடுக்கும் இடத்தின் முகவரியும் நேரமும் கீழே இருக்கின்றன. அங்கே போக ஒரு நாள் ஷிஃப்ட் மாற்ற வேண்டுமென்றால் மேனேஜரிடம் கேளுங்கள், மாற்றித் தருவோம். குடும்ப விவரம் எதையும் எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை."

இதில் இரண்டு வாக்கியங்கள் முக்கியம். ஒன்று, "வரி பிடிக்காமல் இருந்தாலும்". மேலே சொன்ன பூஜ்யத்துக்கு அதுதான் பதில். இன்னொன்று, ஷிஃப்ட் மாற்றித் தருவோம் என்பது. இலவச மையங்கள் பலவும் சனிக்கிழமையிலும் வார நாள் மாலையிலும் இயங்கும். உணவகத்தில் கூட்டம் அலைமோதும் நேரமும் அதுதான். விடுப்பு கேட்கத் தயங்கியே பாதிப் பேர் போகாமல் இருந்துவிடுவார்கள். கிரெடிட் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் மூன்று மணி நேரம் விடுவிக்கவில்லை என்றால் பயன் இல்லை.

"சில குடும்பங்களுக்கு" என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. யாரிடமும் "உனக்கு ஏழாயிரம் வரும்" என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தை இல்லாத, தனியாக இருக்கும் சர்வருக்கு 19,104 டாலரைத் தாண்டினால் ஒன்றும் வராது. அதற்குக் கீழே இருந்தாலும் 25 வயது நிரம்பி 65க்குக் குறைவாக இருக்க வேண்டும். பக்கத்தில் வேலை செய்பவருக்கு 7,000 வந்ததைக் கேள்விப்பட்டு, தனக்கும் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிட்டால் அவர்தான் கஷ்டப்படுவார்.

அதைவிட முக்கியம், கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், கணவர் எங்கே இருக்கிறார், விசா என்ன என்று நீங்களோ மேனேஜரோ விசாரிக்கக் கூடாது. நல்லெண்ணத்தில் கேட்டாலும், பின்னால் ஒருவருக்குப் பதவி உயர்வு தராதபோது அல்லது நீக்கும்போது அதுவே பாகுபாட்டுப் புகாருக்கு ஆதாரமாகும். உங்கள் சி.பி.ஏ.யிடமே அனுப்பிவைப்பதும் வேண்டாம். உங்கள் கணக்கைப் பார்ப்பவரிடம் தன் வீட்டுக் கணக்கைத் திறந்து காட்ட ஊழியருக்குக் கூச்சம் இருக்கும். கட்டணம் வாங்கும் டாக்ஸ் ஆபீஸ் எதற்கும் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்குவது இன்னும் மோசம்.

அனுப்ப வேண்டிய இடம் வீட்டா (VITA) மையம். ஐ.ஆர்.எஸ். பயிற்சி கொடுத்துச் சான்றளித்த தன்னார்வலர்கள் இலவசமாக ரிட்டர்ன் போட்டுத் தரும் இடம் அது. நூலகங்கள், சமூகக் கூடங்கள், கல்லூரிகள் போன்ற இடங்களில் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை நடக்கும். அருகில் எங்கே என்று ஐ.ஆர்.எஸ். தளத்தில் ஜிப் கோடு போட்டுத் தேடலாம். டெக்சாஸில் 211 எண்ணை அழைத்தும் கேட்கலாம். நீங்களே முதலில் தேடி, இரண்டு மையங்களின் முகவரி, நாள், முன்பதிவு தேவையா என்ற விவரத்தைத் தாளில் எழுதிவிடுங்கள். "ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் பார்க்கவும்" என்று எழுதுவது ஆளை அலைக்கழிப்பது. பழைய துண்டறிக்கை ஏதாவது கையில் இருந்தால் அதில் ஆன்லைனில் இலவசமாக ரிட்டர்ன் போடும் ஐ.ஆர்.எஸ். டைரக்ட் ஃபைல் என்று போட்டிருக்கலாம். 2026 சீசனில் அது கிடையாது, அடித்துவிடுங்கள்.

போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும் என்பதும் தாளில் இருக்கட்டும், ஏனென்றால் ஒன்று குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இரண்டாம் முறை அவர் போகமாட்டார். படத்துடன் கூடிய அடையாள அட்டை, தனக்கும் துணைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சோஷியல் செக்யூரிட்டி அட்டை, எல்லா வேலைகளின் டபிள்யூ-2, அரசின் மார்க்கெட்பிளேசில் மருத்துவ இன்சூரன்ஸ் வாங்கியிருந்தால் அதற்கான 1095-ஏ படிவம், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுத்த பணத்தின் விவரம், போன ஆண்டு ரிட்டர்ன், வங்கியின் ரூட்டிங் எண்ணும் கணக்கு எண்ணும். சேர்ந்து தாக்கல் செய்யும் கணவன் மனைவி இருவருமே வர வேண்டும். வங்கிக் கணக்கு விஷயம் இப்போது முன்னைவிட முக்கியம்: 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து ஐ.ஆர்.எஸ். காகிதக் காசோலையாக ரீஃபண்ட் அனுப்புவதைக் கைவிட்டு வருகிறது.

அங்கே போன பிறகு எவையெல்லாம் தடையாக வரும் என்று நீங்கள் ஓரளவு தெரிந்திருப்பது நல்லது. முடிவு சொல்வதற்காக அல்ல, கேள்வி வந்தால் சரியான இடத்துக்கு அனுப்புவதற்காக.

ஈ.ஐ.டி.சி.க்கு, ரிட்டர்னில் உள்ள கணவன் மனைவி இருவருக்கும், கணக்கில் காட்டும் பிள்ளைக்கும் வேலைக்குச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். ஒருவருக்கு ஐ.டி.ஐ.என். (சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவருக்கு ஐ.ஆர்.எஸ். தரும் வரி எண்) மட்டும் இருந்தால் சேர்ந்து போடும் ரிட்டர்னில் ஈ.ஐ.டி.சி. முழுதும் போய்விடும். தனித்தனியாகப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. பிள்ளையோடு இருந்து, ஆண்டின் கடைசி ஆறு மாதமும் துணையைப் பிரிந்து வாழ்ந்தவர் போன்ற சிலருக்குத்தான் தனி ரிட்டர்னில் கிடைக்கும். நம்மவர்களில் இது அடிக்கடி வரும் சிக்கல்: கணவருக்கு எண் இருக்கும், கணவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வந்த மனைவிக்கு ஐ.டி.ஐ.என். இருக்கும். மனைவிக்கு வேலை அனுமதி அட்டை கிடைத்துவிட்டது என்றால் ரிட்டர்ன் கெடுவுக்குள் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கிவிட வேண்டும். அட்டையில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதியோடு மட்டும் வேலை செய்யலாம் என்று அச்சிட்டிருந்தாலும் அது செல்லும். சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டுக்கு விதி கொஞ்சம் தளர்வு: பிள்ளைக்கும், கணவன் மனைவியில் ஒருவருக்கும் எண் இருந்தால் போதும். எனவே ஈ.ஐ.டி.சி. இல்லை என்றதும் ரிட்டர்னையே விட்டுவிடக் கூடாது.

பிள்ளை ஆண்டில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் பெற்றவரோடு வாழ்ந்திருக்க வேண்டும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ தாத்தா பாட்டியிடமே வளரும் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் அனுப்பினாலும் கணக்கில் வராது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தால் அது தற்காலிகம், பிரச்சினை இல்லை. பிரிந்து வாழும் பெற்றோரில் பிள்ளை யாரோடு வாழ்கிறதோ அவருக்குத்தான் ஈ.ஐ.டி.சி.; இருவரும் கேட்டால் இருவருக்கும் ஐ.ஆர்.எஸ். கடிதம் வரும், பணம் மாதக்கணக்கில் நிற்கும். மாணவர் விசாவில் வந்து வரிக் கணக்கில் இன்னும் வெளிநாட்டவராகவே இருப்பவருக்கு இது கிடையாது. பகுதி நேரமாக உங்கள் கவுன்டரில் நிற்கும் எஃப்-1 மாணவர்களிடம் ஆசை காட்டிவிடாதீர்கள். பொய்யாகக் கேட்டு மாட்டினால் அலட்சியத்துக்கு 2 ஆண்டு, மோசடிக்கு 10 ஆண்டு இந்தக் கிரெடிட்டே கேட்க முடியாதபடி தடை விதிப்பார்கள்.

முதலாளியால் மட்டுமே சரிசெய்யக்கூடிய ஒரு தடையும் உண்டு: பெயர். நம் ஊர் முறையில் இனிஷியலோடு எழுதும் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ஒரு மாதிரி, பேரோலில் இன்னொரு மாதிரி இருக்கும். அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் ஏறியிருக்கும், அல்லது இரண்டும் இடம் மாறியிருக்கும். எண் ஒரு பெயரிலும் டபிள்யூ-2 வேறு பெயரிலும் இருந்தால் வருமானம் அவர் கணக்கில் சேராமல் போகலாம். ரிட்டர்னை மின்வழியில் அனுப்பும்போது திரும்பி வரும். சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தின் இணையச் சேவை ஒன்றில் முதலாளி தன் ஊழியர்களின் பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று இலவசமாகச் சரிபார்க்கலாம். டிசம்பரில், டபிள்யூ-2 தயாராகும் முன், 22 பேரையும் ஒரே தடவையில் போட்டுப் பார்த்துவிடுங்கள். வேலைக்கு எடுக்கும் முன் ஆளைச் சலிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே வேலையில் உள்ளவர்களுக்குச் சம்பள அறிக்கை சரியாகப் போக மட்டும்தான். அப்போதே முகவரியையும் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அடுத்தது டிப்ஸ். டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு நீங்கள் ரொக்கச் சம்பளமாக மணிக்கு 2.13 டாலர் கொடுக்கலாம். மீதி அவருக்கு டிப்ஸில் வருகிறது. மாதம் 20 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸ் வந்தால் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் உங்களிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை மறைத்தால் லாபம் என்று நினைக்கிறார்கள். பிள்ளை உள்ள, சம்பளம் மிகக் குறைந்த சர்வருக்கு அது நட்டம். ஒரு பிள்ளை இருந்தால் 12,730 டாலர் வரை ஒவ்வொரு கூடுதல் டாலர் உழைப்பு வருமானத்துக்கும் 34 சென்ட், இரண்டு பிள்ளை இருந்தால் 17,880 வரை 40 சென்ட் கிரெடிட் கூடும். 3,000 டாலர் டிப்ஸை மறைத்த இரண்டு பிள்ளைத் தாய், அந்த வரம்புக்குள் இருந்தால், 1,200 டாலர் கிரெடிட்டை இழக்கிறார். டிப்ஸுக்கு இனி வரி இல்லை என்று 2025 சட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்களே, அது ஃபெடரல் வருமான வரியில் 25,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம் என்பது மட்டும்தான், அதுவும் 2025 முதல் 2028 வரை. ரிப்போர்ட் செய்த டிப்ஸுக்குத்தான் அது. ஈ.ஐ.டி.சி. கணக்கில் அந்த டிப்ஸ் உழைப்பு வருமானமாகவே நிற்கும்.

இதே இடத்தில் இன்னொரு பயம் வரும்: கூடுதல் ஷிஃப்ட் எடுத்தால் கிரெடிட் போய்விடுமோ என்று. திடீரென்று அறுந்துபோவது இல்லை. இரண்டு பிள்ளைகளோடு தனியாகத் தாக்கல் செய்பவருக்கு 23,350 டாலரைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 21 சென்ட் போலக் குறையும். 28,000 சம்பாதிப்பவருக்கு இன்னமும் 6,170 டாலர் அளவுக்கு வரும். 100 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தால் கிரெடிட்டில் 21 டாலர் குறையும், சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் 7.65 போகும், மிச்சம் அவருக்குத்தான். ஓவர்டைம் வேண்டாம் என்று மறுப்பவருக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் புரியும்.

சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துக் கணக்கில் காட்டாமல் விடுவதும், ஷிஃப்ட் போட்டு வேலை வாங்கும் ஆளுக்கு, சுயதொழில்காரர் என்று காட்டி, 1099 படிவம் கொடுப்பதும் உங்களிடம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். கணக்கில் வராத சம்பளத்தை நிரூபிக்க அவரிடம் எதுவும் இருக்காது. 1099 கொடுத்தாலோ 15.3 சதவீதச் சுயதொழில் வரியை அவரே கட்ட வேண்டியிருக்கும். கிரெடிட்டில் கணிசமான பகுதியை அதுவே தின்றுவிடும்.

கால அட்டவணை எளிதானது. டிசம்பர் முதல் வாரம் பெயர், எண், முகவரி சரிபார்ப்பு. ஜனவரி கடைசியில் டபிள்யூ-2, நோட்டீஸ் 797, உங்கள் தாள் மூன்றையும் ஒரே உறையில் போட்டு நேரில் கொடுப்பது. ஐந்து நிமிடம் ஷிஃப்ட் தொடங்கும் முன் நின்று வாயால் சொல்வது. வாயால் சொன்னதைத்தான் வீட்டுக்குப் போய்த் துணையிடம் சொல்வார்கள். ஈ.ஐ.டி.சி. விழிப்புணர்வு நாள் என்று ஐ.ஆர்.எஸ். கடைப்பிடிப்பதும் ஜனவரியின் கடைசி வெள்ளிக்கிழமைதான். பிப்ரவரி நடுவில் சம்பளச் சீட்டோடு ஒரு வரி நினைவூட்டல். டெக்சாஸின் மார்ச் 1 கெடுவுக்குள் அது இரண்டாம் சான்றாகவும் ஆகும். யாருக்கு, எந்த நாளில், எப்படிக் கொடுத்தீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதிக் கோப்பில் வையுங்கள்.

பணம் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இந்த வேலை பாதியில் கெடும். 2015இல் வந்த சட்டப்படி, ஈ.ஐ.டி.சி. அல்லது சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டின் திரும்பக் கிடைக்கும் பகுதி உள்ள ரீஃபண்டை ஐ.ஆர்.எஸ். பிப்ரவரி நடுவுக்கு முன் விடுவிக்க முடியாது, முழு ரீஃபண்டும் நிற்கும். ஜனவரி கடைசியிலேயே தாக்கல் செய்தவருக்கும் பெரும்பாலும் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில்தான் கணக்கில் ஏறும். இது தெரியாமல், "இன்றே பணம்" என்று பலகை வைத்த கடைகளில் ரீஃபண்டை அடகு வைத்துக் கடன் வாங்குவார்கள். கட்டணத்தில் ஒரு பகுதி கரையும். அப்படிப்பட்ட கடைகளில் ரிட்டர்னில் கையெழுத்தும், ரிட்டர்ன் போட்டுத் தருபவருக்கு ஐ.ஆர்.எஸ். தரும் பி.டி.ஐ.என். எண்ணும் போட மறுப்பவர் இருந்தால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். பொய்க் கணக்கு எழுதிவிட்டு அவர் போய்விடுவார், ஐ.ஆர்.எஸ். கடிதம் உங்கள் ஆளுக்குத்தான் வரும். ஃபுட் ஸ்டாம்ப், மெடிகெய்ட் போன்றவை நின்றுவிடுமோ என்று கேட்பவரிடம், இந்த ரீஃபண்ட் அவற்றுக்கு வருமானமாகக் கணக்கில் வராது, கையிருப்பாகவும் 12 மாதம் வரை எண்ணப்படாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

கடைசியாக, பழைய ஆண்டுகள். ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயம் இல்லாமல் விட்டுவிட்டவர், அந்த ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அதைப் போட்டு ரீஃபண்ட் வாங்கலாம். மேலே சொன்ன பெண் மூன்று ஆண்டும் போடாமல் இருந்திருந்தால் அவருக்கு வர வேண்டியது ஒரு முறை பணம் மட்டும் இல்லை. அதற்குத் தேவை பழைய டபிள்யூ-2 நகல்கள், அவை உங்கள் பேரோல் கணக்கில் இருக்கின்றன. கேட்டால் அன்றே அச்சடித்துக் கொடுங்கள். நடு ஆண்டில் வேலையை விட்டுப் போனவர்களுக்கும் இதே உரிமை உண்டு. அவர்கள் பெயரும் ஜனவரிப் பட்டியலில் இருக்க வேண்டும், அவர்கள் உறை முதல் வகுப்புத் தபாலில் போக வேண்டும்.